அந்தப் பக்கம்

1

இந்த ஜனவரியோடு தம்பெரே நகரத்தில் நான் பேருந்து ஓட்ட ஆரம்பித்து ஆறு வருடம் முடிந்தது. பின்லாந்தின் தலைநகரத்துக்கு வடக்கே இருக்கும் ஊர் இது. வேலையில் வருடம் முடித்தவர்களுக்கெல்லாம் சேர்த்து டிப்போவில் ஒரு வியாழக்கிழமை கேக் வைப்பார்கள். காப்பி, கேக், மேலதிகாரி நாலு வார்த்தை, அவ்வளவுதான். கேக்கின் மேல் என் பெயரை 'சின்னசாமி' என்று எழுதியிருந்தார்கள். என் பெயர் வேடியம்மாள். சின்னசாமி என் அப்பா. இங்கே வந்து இறங்கிய முதல் வாரமே ஏதோ ஒரு கவுண்டரில் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. பிறகு எத்தனை தடவை விளக்கினாலும் மாறவில்லை.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். அன்று காலை சின்னசாமியிடமிருந்து எனக்கு வரவேண்டிய ஒன்று வரவில்லை.

அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

அப்பா ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போகும் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். சாமை போடுகிறார். கொஞ்சம் புளியமரம், சில ஆடுகள். நான் ஒரே மகள். அம்மா இல்லை. அப்பாவின் காது பல வருடங்களாக மங்கிக்கொண்டே வந்து, அம்மா இறந்த வருடத்தில் முழுக்க நின்றுவிட்டது. காதுக்கு மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தேன். இரைச்சல்தான் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார்.

காது கேட்காதவரோடு எட்டாத தூரத்திலிருந்து எப்படிப் பேசுவது? அவர் போனில் பேசினால் நான் கேட்கலாம். நான் பேசினால் அவருக்கு ஒன்றுமில்லை. வீடியோ அழைப்பைத் தாங்கும் சிக்னல் எங்கள் ஊரில் கிடையாது. கொல்லைக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்றால் பழைய டூஜி மட்டும் வரும். தொடுதிரை போன் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்ந்த விரல் பட்டால் அந்தத் திரைக்கு உறைக்கவே இல்லை. ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் கையில் கிடைக்கும் தாளை விடமாட்டார்.

இந்த இடத்தில் என் பழைய வேலை கைகொடுத்தது.

வேலூரில் கணிப்பொறி படித்து முடித்து நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த சமயம், கைபேசியில் இணையம் என்பது அப்போதுதான் பிறந்திருந்தது. 'வாப்' என்போம். திரையில் நாலைந்து வரி, கறுப்பு வெள்ளை. கணிப்பொறியில் பார்க்கும் வலைப்பக்கம் எதையும் அந்தப் போனால் தூக்க முடியாது. அதனால் அதற்கென்று டபிள்யூஎம்எல் என்று தனியாக ஒரு குறிமொழியை வகுத்திருந்தார்கள். அந்த மொழியில் பக்கம் என்று ஒன்று கிடையாது. 'அட்டை' உண்டு. பல அட்டைகள் சேர்ந்தால் ஒரு 'கட்டு', சீட்டுக்கட்டு மாதிரி. ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த அட்டை வரும். முழுக் கட்டும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக்குள் அடங்க வேண்டும். மீறினால் சில போன்கள் திறக்கவே திறக்காது.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. திறந்த ஒவ்வொரு குறியையும் முறையாக மூட வேண்டும். சாதாரண வலைப்பக்கத்தில் எதையாவது மூட மறந்தால் உலாவி தானே ஊகித்துச் சரிக்கட்டிக்கொள்ளும். டபிள்யூஎம்எல்லில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரு சாய்கோடு விட்டுப்போனாலும் மொத்தக் கட்டும் போச்சு. போனில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி மட்டும் நிற்கும். சென்னையில் முதல் வருடம் முழுக்க அந்தச் சாய்கோட்டுக்குப் பயந்துதான் ஓடியது.

அந்த வேலைதான் என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது. பிறகு எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்று அடுத்த தரம் வந்தது, வண்ணத்திரை வந்தது, கடைசியில் தொடுதிரை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. நான் வேலை பார்த்த பிரிவை மூடினார்கள். மொழி படித்து, கனரக வண்டி உரிமம் எடுத்து, ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். உலகத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு குறிமொழி மட்டும் கையில் மிச்சம்.

அதை அப்பாவுக்காக மறுபடி எடுத்தேன். பழைய பொத்தான் போன் ஒன்று அவரிடம் இருந்தது. அந்தப் போனுக்கு டபிள்யூஎம்எல் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது, தமிழில் அனுப்பினால் கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் தமிழை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பினேன். கறுப்புப் புள்ளிகளால் ஆன சின்னப் படம், ஒன்றில் மூன்று நான்கு சொல்தான் கொள்ளும். ஒரு சிறு நிறுவனத்திடம் சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்து, தினம் சாயங்காலம் ஒரு கட்டு தயார் செய்து வைப்பேன். முதல் அட்டையில் தேதியும் 'நல்லா இருக்கோம்' என்பதும். இரண்டாவதில் ஏதாவது செய்தி: 'ஏரி உறைஞ்சிடுச்சு', 'நிலாவுக்குப் பரீட்சை'. மூன்றாவதில் அப்பாவுக்கு இரண்டு வழி. ஒன்றை அழுத்தினால் 'நல்லா இருக்கேன்'. இரண்டை அழுத்தினால் 'ஆள் அனுப்பு'.

அவர் விடிந்ததும் பாறையில் ஏறி, கட்டைத் திறந்து, ஒன்றை அழுத்திவிட்டுப் போவார். அவர் அழுத்தியதற்கு அடையாளமாகச் சர்வரின் பதிவில் ஒரு வரி விழும். நம்மூருக்கு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் இங்கே விடியும் என்பதால், முதல் வண்டி எடுக்க நான் எழும்போது அந்த வரி எனக்காகக் காத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி போடுவேன். இரண்டை அவர் ஒரு நாளும் அழுத்தியதில்லை.

3

அவரை இங்கே அழைத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. முயற்சி செய்தேன். இந்த நாட்டுச் சட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். பெற்றவர்கள் அதற்குள் தானாக வரமாட்டார்கள். தனிக்காரணம் காட்ட வேண்டும். குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் பேசலாம் என்று அங்கிருந்த அதிகாரி அம்மாள் சொல்லியும், நல்ல பெயர் எடுக்கலாமென்று நான் பின்னிஷில் ஆரம்பித்தேன். இந்த மொழியில் காது கேளாதவர் 'கூரோ'. இறந்தவர் 'குவொல்லுத்'. பதற்றத்தில் ஒன்றுக்கு இன்னொன்று வாயில் வந்துவிட்டது. என் அப்பா இறந்தவர், அதனால் மலையில் தனியாக இருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். ஆழ்ந்த அனுதாபம் என்றார். பிறகு மெதுவாக, அப்படியானால் இந்த விண்ணப்பம் யாருக்கு என்று கேட்டார்.

திருத்திச் சொன்னதும் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில மாதம் கழித்து விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா படித்துவிட்டு, "நான் அங்க வந்து இன்னா பண்ணப் போறேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, தெரியவில்லை.

என் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பதற்குப் பின்னிஷில் பதில் சொல்லுவாள். பசித்தால் மட்டும் தமிழ் வரும். தாத்தாவுக்குத் தினமும் என்ன செய்கிறேன் என்று ஒருநாள் கேட்டாள். காட்டினேன். அவள் போனில் அந்தக் கட்டு திறக்கவில்லை; தெரியாத கோப்பு என்று இறக்கி வைக்கப் பார்த்தது. "இதை யாருமே இப்போ பேசறதில்லையா?" என்றாள். அவள் கேட்டது டபிள்யூஎம்எல்லையா தமிழையா என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.

4

அந்த வியாழக்கிழமை வரி இல்லை. டவர் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். முன்பும் மழைக்காலத்தில் அப்படி ஒரு காலை தவறி, மத்தியானம் வந்திருக்கிறது. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினால் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. சாயங்காலம் கேக் வெட்டி முடித்ததும் கோவிந்தன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

கோவிந்தன் அண்ணன் எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர், ஜமுனாமரத்தூரில் ஜீப் ஓட்டுகிறவர். அப்பாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்வது, மாத்திரை வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். டவர் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார். காலையில் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

டவர் நன்றாக இருக்கிறது என்ற செய்தி எனக்கு நல்ல செய்தியாக இல்லை.

வெள்ளிக்கிழமையும் வரி இல்லை. அண்ணனின் அழைப்பு நான் கடைசி நிறுத்தத்தில் நின்றபோது வந்தது.

"வேடிம்மா, வூடு பூட்டிக் கீது. ஆடெல்லாம் பக்கத்து வூட்டுல கட்டிட்டுப் போயிருக்காரு. நேத்து போளூர் பஸ்ல ஏறுனாருன்னு சொல்றாங்க. எங்கன்னு யாருக்கும் சொல்லல."

போனைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அணைத்து வைத்திருப்பதாக வருகிறது என்றார். பேட்டரி தீர்ந்திருக்கலாம் என்று அவரே சேர்த்துச் சொன்னார். அப்பா மலையை விட்டு இறங்கி எவ்வளவோ காலமாகிறது. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் அவருக்குக் கேட்காது. போளூர் பேருந்து நிலையத்தில் பேருந்துகள் எப்படிப் பின்னோக்கி வரும் என்று எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான்.

புறப்படும் நேரமாகிவிட்டது. வெளியே உறைபனியில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தேன். ஏறிய ஒவ்வொருவரும் காலை வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். அந்தச் சுற்றை எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் நினைவில்லை.

5

என் கணவர் ரவி வடக்கே வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறார். வாரக் கடைசியில்தான் வருவார். சனிக்கிழமை வந்து இறங்கியதும் தன் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டார். கலசப்பாக்கத்துக்காரர்கள், ஆனால் பொங்கல் முடிந்ததிலிருந்து பெங்களூரில் மூத்த மகன் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கோவிந்தன் அண்ணன் காவல் நிலையத்தில் சொல்லியிருந்தார். போட்டோ கேட்டார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் பழைய படங்கள். எதிலும் அப்பாவுக்கு இத்தனை நரை இல்லை.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தேன். நிலா என் மடிக்கணினியை எடுத்து வைத்துக்கொண்டு, சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சல்களைத் தேடிப் படித்தாள். அலுவலகப் பின்னிஷ் எனக்கு இன்னும் பாதிதான் புரியும். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

"அம்மா, இங்க வா" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

புதன்கிழமை மாலையிலிருந்து எல்லாத் தளங்களும் பாதுகாப்பான புதிய வழியில் மட்டுமே திறக்கும் என்று எழுதியிருந்தார்கள். பூட்டுப் போட்ட வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் போன்களிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி இருக்கிறது. அப்பாவின் போன் செய்யப்பட்ட காலத்தில் அந்தப் பூட்டே கிடையாது. வியாழக்கிழமை காலை அவர் பாறையில் ஏறி நின்று அழுத்தியபோது, என் அட்டைக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருக்கும். முதல் கதவே திறக்காததால் அவர் வந்து தட்டியதும் எங்கள் கணக்கில் பதிவாகவில்லை.

ஒரு நிமிடம் உடம்பெல்லாம் லேசானது. வியாழக்கிழமை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, போன்தான் திறக்கவில்லை. அடுத்த நிமிடமே முன்பைவிட மோசமாகப் பயந்தேன். ஒன்றும் ஆகாத மனிதர் ஆட்டைக் கட்டிவிட்டு ஏன் பேருந்து ஏறினார்?

இத்தனை வருடமும் அந்தக் கட்டு எதற்காக என்று கேட்டால், அப்பா நன்றாக இருக்கிறாரா என்று நான் தெரிந்துகொள்ள என்றுதான் சொல்லியிருப்பேன். மூன்றாவது அட்டைதான் எனக்கு முக்கியம். முதல் அட்டையைத் தேதியை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த முதல் அட்டைதான் எல்லாம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மகள் நன்றாக இருக்கிறாளா என்று பார்க்கத்தான் அவர் தினமும் பாறை ஏறியிருக்கிறார். அது ஒரு காலையில் இல்லாமல் போயிருக்கிறது.

நிலா அந்த நிறுவனத்தின் உதவி ஆளோடு அரட்டைப் பெட்டியில் வாதாடினாள். அத்தகைய போன்களை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்று அவர் மரியாதையாகச் சொன்னார். எங்கள் தாத்தா பயன்படுத்துகிறார் என்று இவள் எழுதினாள். கடைசியில் எங்கள் ஒரு கோப்புறைக்கு மட்டும் பழைய வழியைத் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் மூவரும் சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரி விழவில்லை.

6

திங்கட்கிழமை விடுப்புக் கேட்டேன். ஏற்கெனவே இருவர் காய்ச்சலில் இருந்ததால் மாற்று ஆள் மத்தியானத்துக்கு மேல்தான் என்றார்கள். காலை ஓட்டத்தில், இருக்கைக்குப் பின்னால் தொங்கிய என் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்று, மறுபடி அதிர்ந்தது. கடைசி நிறுத்தம்வரை எடுக்க முடியாது. நல்ல சேதி சொல்ல யாரும் இப்படி விடாமல் கூப்பிட மாட்டார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

எல்லோரும் இறங்கியதும் எடுத்துப் பார்த்தேன். இந்திய எண், தெரியாத எண். திரும்பக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"வேடியம்மாள்ங்கறவங்களோட நம்பருங்களா இது?"

"ஆமாங்க."

"நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

"நான்தாங்க வேடியம்மாள்."

எதிர்முனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "சின்னசாமி மகளா?" என்றார்.

"ஆமாங்க. அப்பாவுக்கு இன்னா ஆச்சு?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க மேடம். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ்ல, இங்க என் எதிர பெஞ்சில உக்காந்திருக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க தவறிட்டீங்கன்னு... உங்க பாடிய ஊருக்குக் கொண்டாந்து குடுக்கணும்னு மனு குடுத்திருக்காரு."

நடந்ததில் அவர் சொன்னது கொஞ்சம், பிறகு கோவிந்தன் அண்ணன் விசாரித்துச் சொன்னது கொஞ்சம். வியாழக்கிழமை ஆங்கில வரியைப் பார்த்ததும் அப்பா நேராக ஜமுனாமரத்தூருக்குப் போய், செல்போன் கடையில் போனைக் காட்டியிருக்கிறார். கடைக்காரர் அழுத்திப் பார்த்துவிட்டு, கத்திச் சொல்லியும் இவருக்குக் கேட்காததால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'அந்தப் பக்கம் எடுத்துட்டாங்க'. இணையத்தில் இருந்த பக்கத்தை நீக்கிவிட்டார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அப்பாவுக்கு இணையத்தில் பக்கம் என்று ஒன்று உண்டென்பதே தெரியாது. நான் அவருக்குச் சொல்லித் தந்தது அட்டை. நம் பக்கத்தில் ஒரு சாவு வீட்டு வாசலில் நின்று 'எடுத்துட்டாங்களா' என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மகள் இருக்கும் அந்தப் பக்கத்தில் எடுத்துவிட்டார்கள் என்று அவர் படித்தார்.

போனில் கூப்பிட்டாலும் பதில் காதில் விழாது என்பதால், வீட்டுக்கு வந்து ஆடுகளைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, சம்பந்தி வீட்டில் நேரில் கேட்கலாம் என்று கலசப்பாக்கம் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. துக்கத்துக்குத்தான் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டார். வெளிநாட்டில் இறந்தவர்களைக் கொண்டுவர கலெக்டரிடம்தான் மனு கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை வாங்குவார்கள் என்று பேருந்து நிலையத்தில் யாரோ எழுதிக் காட்டியிருக்கிறார்கள். திருவண்ணாமலைக்கு வந்து, கோயிலில் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, திங்கட்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார். அலுவலக வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி வாங்கி, வரிசையில் நின்றிருக்கிறார். மனுவை வாங்கிய அந்தப் பெண், வேலை செய்த இடத்தில் யாராவது விவரம் சொல்லட்டும் என்று, தீர்ந்திருந்த போனுக்குச் சார்ஜ் ஏற்றி, அதிலிருந்த என் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்.

வீடியோவில் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். தன் போனிலிருந்து போட்டார்.

அப்பா முகம் திரை முழுக்க வந்தது. தாடி வளர்ந்திருந்தது. என்னையே பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அப்பா அப்பா என்று சொன்னதெல்லாம் அவருக்கு வெறும் வாயசைவு. அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இது எப்ப எடுத்த படம்?" என்றார்.

அந்தப் பெண் இப்போதுதான், இப்போது பேசுகிறார் என்று சைகை காட்டினார், எழுதியும் காட்டினார். அப்பா நம்பவில்லை. மறுபடி திரைக்கு அருகில் வந்தார்.

"வேடி, இடது கையத் தூக்கு."

தூக்கினேன்.

"எறக்கு. ரெண்டு கையயும் தூக்கு."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதேன். வெளியே பனியில் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு கிழவர், தனக்குத்தான் காட்டுகிறேன் என்று நினைத்துத் தானும் ஒரு கையைத் தூக்கினார்.

அப்பா மெதுவாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்ததும் அந்தப் பெண்ணிடம், "அந்த மனுவக் குடுத்துடு தாயீ. அது வேணாம்" என்றார்.

கொடுக்க முடியாது என்று அந்தப் பெண் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். கணினியில் பதிவாகி எண் விழுந்துவிட்டது. இனி முறைப்படி விசாரித்து, பதில் கொடுத்துத்தான் முடிக்க முடியும்.

7

ஜூன் மாதம் நானும் நிலாவும் ஊருக்குப் போனோம். அப்பா தினமும் பாறை ஏறுவது மறுபடி நடக்கிறது, வரியும் விழுகிறது. ஆனால் எனக்கு முன்பிருந்த நிம்மதி திரும்பவில்லை. டூஜியை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு மாதம் பேசுகிறார்கள், இல்லை என்று அடுத்த மாதம் பேசுகிறார்கள். அந்தப் போனில் ஒன்றாம் எண் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. பழைய சாமான் கடைகளில் தேடி அதே மாதிரிப் போன் இன்னும் சில வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் ஒருநாள் நிற்கும் என்று தெரிந்துகொண்டே செய்கிறேன்.

நாங்கள் போய் இறங்கிய வாரத்திலேயே மனு எங்களைத் தேடி வந்தது. திருவண்ணாமலையிலிருந்து தாலுகா அலுவலகம் வந்து, அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர் மேசைக்கு இறங்கியிருந்தது. சம்பந்தப்பட்டவரை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டுமாம். மூவரும் கோவிந்தன் அண்ணனின் ஜீப்பில் ஜமுனாமரத்தூர் போனோம். அன்று சந்தை நாள். அலுவலகத்தில் கூட்டம்.

அலுவலர் சின்ன வயதுக்காரர். ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் சின்னசாமி என்பது எனக்குக் குடும்பப் பெயராகவும் ஆதாரில் தகப்பன் பெயராகவும் இருந்தது அவரைக் குழப்பியது. இறந்ததாகச் சொல்லப்பட்டவர் நீங்கள்தானா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான்தான் என்றேன். வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்றார்.

அப்பாவுக்கு அவர் கேட்டது கேட்டிருக்க வழியில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல. என் மணிக்கட்டைப் பிடித்து மேசைக்கு அருகே இழுத்தார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் உயரம் தெரியாது. அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"இவதான் எம் பொண்ணு. நல்லாப் பாத்துக்க."

அலுவலர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மனுதாரரின் மகள் நேரில் ஆஜரானார், உயிருடன் உள்ளார், எனவே மனு முடிக்கப்படுகிறது என்று எழுதி, அப்பாவின் பக்கம் நகர்த்தினார். அப்பா உடனே கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துப் படித்தார். 'உயிருடன் உள்ளார்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிலா அவர்களைப் பார்த்து, "தாத்தா படிக்கிறாரு, கொஞ்சம் இருங்க" என்றாள். அவள் தமிழைக் கேட்டு ஒருவர் சிரித்தார், முணுமுணுப்பு நின்றது.

பேனாவை வாங்கி, தாள் நகராமல் இருக்க முழங்கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் தன் பெயரை எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. இடது கையால் தாளைப் பிடித்துக்கொள்ளலாமே என்று அலுவலர் சைகை காட்டினார். அப்பா தலையசைத்தார், ஆனால் என் மணிக்கட்டை விடவில்லை.